பளபளப்பு பாலிஷ் பொடியில் இல்லை

வணக்கம் நேயர்களே.

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் பேருந்தில் மாமாங்கம் தாண்டும்போது, ஜன்னல் வழியே வெள்ளை வெள்ளையாக மேடுகள் தெரியும். சேர்வராயன் மலையின் காலடியில் கிடக்கும் மேக்னசைட் அது. நம் ஊரில் வெள்ளைக்கல் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். எஃகு உலையின் உட்சுவரில் வைக்கும் செங்கல்லுக்குப் போகிற கல் என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். மேக்னசைட்டுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்ற பெயரில் விற்பதும் நகை உலகில் பழக்கம்தான். சந்தேகம் வந்தால் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, மணியின் துளை ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நீலமானால் அது சாயம்.

கல்லைக் குமிழாகத் தேய்த்து மெருகேற்றும் பொழுதுபோக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கபோஷான் என்பார்கள். வைரத்துக்குப் போல முகம் முகமாகப் பட்டை தீட்டாமல், அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் உருண்டையாகவும் தேய்ப்பது. பரதநாட்டிய நகையில் சிவப்பாகக் குமிழ்ந்து நிற்கும் கெம்புக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள், வடிவம் புரிந்துவிடும். தேய்ப்பதற்கு நம் முன்னோர் பயன்படுத்திய குருந்தக் கல்லின் பெயர்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆயிற்று. சாணை பிடிப்பது நமக்குப் புதிய வேலை இல்லை.

முதலில் கல். ஆரம்பிப்பவர்கள் அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகையில் தொடங்குங்கள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இவற்றின் கடினம் ஏறக்குறைய 7. முழுக் கல்லும் ஒரே கடினம் என்பதால் எங்கும் சீராகத் தேயும். கல்லை நனைத்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஈரம் காயும்போது ஒரு கோடு மட்டும் கடைசிவரை ஈரமாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தவிர்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் பாதி வேலையில் கல் பிளந்து கையோடு வரும். காப்புக்காட்டிலும் சுரங்கப் பகுதியிலும் அனுமதியில்லாமல் கல் எடுப்பது குற்றம். கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கினாலே பல மாதம் பழகலாம்.

கல்லை 5 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்குப் பலகையாக வெட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி உள்ள மேசை டைல்ஸ் கட்டரும் டைமண்ட் பிளேடும் போதும். கையில் பிடிக்கும் கட்டரில் தண்ணீரை ஊற்றி வெட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் இது, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

பலகையின் மேல் வடிவம் வரைய வேண்டும். 18க்கு 13, 25க்கு 18, 30க்கு 22 மில்லிமீட்டர் என்று முட்டை வடிவத்துக்கு வழக்கமான அளவுகள் உண்டு. முதல் கல்லுக்கு 25க்கு 18 எடுங்கள். சின்னக் கல் விரலுக்குள் நிற்காது, பெரிய கல்லில் குமிழ் சீராக வராது. மை தண்ணீரில் கரையும், ஆகவே அலுமினியக் கம்பியைக் கூராக்கி வரையுங்கள். கோட்டுக்கு வெளியே 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியை 80 எண் சக்கரத்தில் கோடு வரை தேய்க்கவும். எண் என்பது சக்கரத்தில் உள்ள தேய்க்கும் துகளின் அளவு, எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும். பிறகு அடி விளிம்பை அரை மில்லிமீட்டர் அளவுக்கு 45 டிகிரியில் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள். இந்தச் சிறு சாய்வு எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது கல்லைக் குச்சியில் ஒட்டுவது. பத்து சென்டிமீட்டர் நீள மரக்குச்சியும் அரக்கும் போதும். பலரும் அரக்கை மட்டும் உருக்கிக் குளிர்ந்த கல்லின் மேல் வைப்பார்கள். கல் பட்டதும் அரக்கு உறைந்துவிடும், ஒட்டியதுபோல் தெரியும், சக்கரத்தில் வைத்ததும் கல் பறக்கும். கல்லையும் சேர்த்துச் சூடாக்குங்கள், கையால் தொட முடியாத சூடு வேண்டும், ஆனால் நெருப்பில் நேரே காட்டக் கூடாது. இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் கவிழ்த்து, அதன்மேல் கல்லை மெதுவாகச் சூடேற்றலாம். அரக்கு கல்லின் அடியில் பரவி, விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் குச்சியோடு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள், கல் தானாக விட்டுவிடும்.

இப்போது குமிழ். அடியிலிருந்து 2 மில்லிமீட்டர் உயரத்தில் கல்லைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே சக்கரம் படவே கூடாது. கோட்டிலிருந்து மேலே 45 டிகிரியில் ஒரு சுற்று. அதன் மேல் விளிம்பை இன்னும் படுக்கையாக ஒரு சுற்று. கடைசியாக உச்சி. மூன்று படிக்கட்டு கிடைக்கும். அவற்றின் முனைகளை மழுக்கிச் சேர்த்தால் குமிழ் வந்துவிடும். குச்சி விரல்களுக்குள் உருண்டுகொண்டே இருக்க வேண்டும், ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும் அங்கே தட்டை விழும்.

தட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு ட்யூப்லைட் போதும். கல்லை நனைத்து அதன் கீழே பிடியுங்கள். குமிழின் மேல் ட்யூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். கல்லை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடும் வழுக்கிக்கொண்டு வரும். எங்கே கோடு திடீரென்று தடித்துத் தாவுகிறதோ, அங்கே தட்டை இருக்கிறது. அதை 80க்கு அடுத்த 220 எண் சக்கரத்திலேயே சரிசெய்யுங்கள். அடுத்த கட்டங்கள் பளபளப்பை மட்டும்தான் கூட்டும், வடிவத்தை மாற்றாது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது. கல் பளபளக்கவில்லை என்று சொல்பவர்கள் உடனே பாலிஷ் பொடியைக் குறை சொல்கிறார்கள், வேறு பொடி வாங்குகிறார்கள். பெரும்பாலும் பொடியில் குறை இல்லை, 220இல் காட்டிய அவசரத்தில்தான் இருக்கிறது.

80 எண் துகளின் அகலம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். 600 எண் துகளோ 0.02 மில்லிமீட்டர் அளவுதான். 80 கிழித்த பள்ளத்தை 600ஆல் இறங்கித் தேய்த்து எடுக்க முடியாது. பள்ளத்தின் கரையை மட்டும் மழுக்கி மினுக்கிவிடும், பள்ளம் அப்படியே இருக்கும். 3000இல் முழுக் கல்லும் மின்னும்போது அந்தக் கோடு மட்டும் தனியாகத் தெரியும். அதை எடுக்க மறுபடியும் 220க்கே போக வேண்டும், வேறு வழி கிடையாது.

ஆகவே 220 முடித்ததும் கல்லைக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரக் கல் பொய் சொல்லும். தண்ணீர் பள்ளத்தை நிரப்பி, இல்லாத பளபளப்பைக் காட்டும். காய்ந்த கல்லின் மேல் பெர்மனன்ட் மார்க்கரால் முழுக்கக் கறுப்பாகப் பூசுங்கள். மறுபடி தண்ணீரோடு 220இல் லேசாக ஒரு சுற்று. மேற்பரப்பில் உள்ள மை போய்விடும், 80 விட்டுப்போன கீறலுக்குள் மட்டும் மை தங்கி நிற்கும். உச்சியிலும் கோட்டை ஒட்டிய ஓரத்திலும்தான் அது அதிகம் தெரியும், ஏனென்றால் கை அங்கேதான் குறைவாகப் போகிறது. மை ஒரு துளியும் தங்காத வரை மேலே போகாதீர்கள். 600, 1200, 3000 ஒவ்வொன்றிலும் முந்தைய திசைக்குக் குறுக்கே தேய்த்தால், பழைய கீறல் எது புதியது எது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கல்லையும் குச்சியையும் கைகளையும், நக இடுக்கையும் பழைய பல் பிரஷ் வைத்துக் கழுவுங்கள். 80 எண் துகள் ஒன்றே ஒன்று 1200 பேடில் ஏறினால், அந்த பேட் தொடும் ஒவ்வொரு கல்லும் கீறும்.

இந்த எண்களின் சக்கரங்களை வரிசையாகப் பூட்டிய ஆறு சக்கர இயந்திரம் விலை அதிகம். கிரானைட் மெருகேற்றும் 4 அங்குல டைமண்ட் பேட் சேலத்துக் கடைகளில் கிடைக்கிறது, 50இலிருந்து 3000 வரை வரிசையாக. முதல் இரண்டையும் விட்டுவிட்டு 200, 400, 800, 1500, 3000 வாங்குங்கள். மெதுவாகச் சுற்றும் தட்டில் ஒட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் குமிழுக்குப் போதுமானது.

பாலிஷ் சுருக்கமான வேலை. குவார்ட்ஸ் வகைக்கு சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் பொடி, தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்த்த பதத்தில், சுற்றும் தட்டில் ஒட்டிய ஈரமான பதனிட்ட தோலில் தடவி. தோல் காயத் தொடங்கும்போது கல்லைப் பிடித்து இழுக்கும். உண்மையான மெருகு ஏறுவது அந்தச் சில நொடிகளில்தான். சூடும் அப்போதுதான் ஏறுகிறது, ஆகவே கல்லை எடுத்து மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். ஆனால் உடனே தண்ணீரில் போடாதீர்கள், விரிசல் விழுந்துவிடும்.

நம் பக்கத்துக் கற்கள் மூன்றுக்கு மூன்று வகைக் கை வேண்டும். வெள்ளைக்கல்லின் கடினம் 3.5 முதல் 4.5 வரைதான். அதை இயந்திரத்தில் வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் வடிவம் போய்விடும். அரமும் வாட்டர் பேப்பரும் வைத்துக் கையாலேயே செய்யலாம், பிள்ளைகள் பழகவும் ஏற்ற கல். நுண்துளை உள்ளதால் எண்ணெயும் மஞ்சளும் உறிஞ்சும். வெள்ளிக் கொலுசைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் இந்த நகையைத் தேய்க்காதீர்கள், புளிப்பு பட்டுப் பட்டு மெருகு மங்கிவிடும்.

ஏற்காடு மலை முழுக்கக் கிடக்கும் கருங்கல் சார்னோகைட். சென்னை பல்லாவரம் பக்கத்துக் கல்லில் செதுக்கிய, கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. எண்ணெய் தடவினாற்போன்ற அந்தக் கரும்பச்சை அழகானது, ஆனால் தேய்ப்பவருக்குச் சோதனை. உள்ளே குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, பைராக்சீன் 5 முதல் 6. மென்மையானது முதலில் தேய்ந்து பள்ளமாகும், குவார்ட்ஸ் மேடாக நிற்கும், மேற்பரப்பு அம்மைத் தழும்புபோல் ஆகிவிடும். மெத்தென்ற பேடில் நீண்ட நேரம் தேய்ப்பதுதான் காரணம். கெட்டியான பின்பலகையில் டைமண்ட், லேசான அழுத்தம், குறைந்த நேரம். அவ்வளவுதான் மருந்து.

காங்கேயம் பக்கத்து மூன்ஸ்டோனில் கோணமே எல்லாம். ஒரே ஒரு பல்பின் கீழே நனைத்த கல்லைத் திருப்பிப் பாருங்கள், நிலா வெளிச்சம் எந்த முகத்தில் பரவுகிறதோ, அந்த முகத்துக்கு இணையாக அடி வர வேண்டும். 10 டிகிரி தவறினாலும் ஒளி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். இரண்டு திசையில் எளிதாகப் பிளக்கும் கல் என்பதால் 80ஐத் தவிர்த்து 220இல் தொடங்குங்கள், குமிழைச் சற்று உயரமாக வையுங்கள்.

தூசியைப் பற்றி. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் தரும், அதற்கு முழுக் குணம் கிடையாது. ஒருபோதும் உலர்ந்த கல்லைத் தேய்க்காதீர்கள். தரையில் வழியும் கல் சேற்றைக் காயும் முன் துடைத்து, வாளியில் தெளியவிட்டு, அடியில் உள்ளதைப் பையில் கட்டிப் போடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகிவிடும். வேலைச் சட்டையை உதறாமல் நனைத்துத் துவையுங்கள். என்95 முகக்கவசம் தண்ணீரோடு சேர்த்துத்தான் பயன்படும், தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

அடி விளிம்பின் அந்தச் சிறு சாய்வுக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்யும் பத்தரிடம் கல்லைக் கொடுக்கும்போது, கல்லைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளிச் சுவரைத் தகட்டில் பற்றவைப்பார். சுவரும் தகடும் சேரும் உள்மூலையில், அவற்றை ஒட்டவைக்க உருக்கிய உலோகமான பற்றாசு கொஞ்சம் தேங்கி நிற்கும். கல்லின் விளிம்பு கூராக இருந்தால் அந்தப் பற்றாசில் மோதிக் கல் ஆடும், சுவரை மடக்கி அழுத்தும்போது விளிம்பு தெறிக்கும். சாய்வு இருந்தால் கல் அடிவரை போய் உட்காரும். பற்றவைப்பு முழுவதும் முடிந்து, வெள்ளி ஆறிய பிறகே கல்லை வைக்கச் சொல்லுங்கள். சுவரின் உயரம் உங்கள் 2 மில்லிமீட்டர் கோட்டுக்குச் சற்று மேலே வந்தால் போதும். அதற்கு மேல் வைத்தால், நீங்கள் தேய்த்த குமிழை வெள்ளி மூடிவிடும்.

வணக்கம்.