வெள்ளணுக் கொடையாளரின் கண்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான சிகிச்சை பெறும் ஒருவரின் உடலில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்போது, மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சைத் தொற்று அவருடைய உயிரையே பறித்துவிடக்கூடும். அத்தகைய நிலையில் சில மருத்துவமனைகள், நலமாக உள்ள ஒருவரிடமிருந்து நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களை இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுத்து நோயாளிக்கு ஏற்றுகின்றன. இயல்பாக ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் இதற்குப் போதா. ஆகவே, அணுக்களை எடுப்பதற்குச் சுமார் 12 மணி நேரத்துக்கு முன்பு கொடையாளருக்கு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, பெரும்பாலும் 8 மில்லிகிராம், கொடுக்கப்படுகிறது. வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் என்னும் ஊசியும் உடன் போடப்படுவதுண்டு. எலும்பு மஜ்ஜையில் இருப்பில் உள்ள அணுக்களும், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருப்பவையும் இதனால் ரத்தவோட்டத்தில் வந்து சேர்கின்றன.

ஒரே ஒரு முறை கொடுப்பவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கேட்கும்போதெல்லாம் மறுக்காமல் வந்து, ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் நல்ல உள்ளங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நீண்டகால ஸ்டீராய்டு சிகிச்சைக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பு, மூட்டுவாத நோயாளிகளிடம் 1960-இலேயே எடுத்துக்காட்டப்பட்டது. இந்தப் புரை விழிவில்லையின் பின்புற உறையை ஒட்டி, பெரும்பாலும் நட்ட நடுவில் படிகிறது. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது ஒளி அந்த நடுப்பகுதி வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், வெயிலில் கண் கூசும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். தூரத்துப் பொருள் தெளிவாகத் தெரிந்தாலும் செய்தித்தாளைப் படிப்பது சிரமமாகிவிடும்.

கொடையாளர்களுக்கும் இது வருமா? 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு, பலமுறை வெள்ளணு கொடுத்த சிலரிடம் இத்தகைய புரையைக் கண்டு எச்சரித்தது. பின்னர் 2005-இலும் 2011-இலும் வெளியான, கூடுதலான கொடையாளர்களைப் பரிசோதித்த ஆய்வுகள், ஆபத்து கூடுவதாக உறுதியாகக் காட்டவில்லை. இது ஆறுதலான செய்திதான். ஆயினும், நோயாளிக்கு ஒரு மருந்தைக் கொடுக்கும்போது அதன் தீங்கை அவர் பெறும் நன்மையோடு வைத்து எடைபோடுகிறோம். கொடையாளரின் உடலுக்கோ அந்த மருந்தால் எந்த நன்மையும் இல்லை. ஆகவே, ஒருவர் இதுவரை எத்தனை முறை ஸ்டீராய்டு பெற்றார் என்ற கணக்கை ரத்த வங்கி வைத்திருப்பதும், அடிக்கடி கொடுப்பவருக்குக் கண் பரிசோதனை செய்விப்பதும் கடமை என்றே கருதுகிறேன்.

ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தையும் உயர்த்தும். கண் அழுத்த நோயோ நீரிழிவோ உள்ளவர்கள், குடும்பத்தில் கண் அழுத்த நோய் இருப்பவர்கள், கொடைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில், சாதாரண ரத்தக் கொடைகளிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து ஒன்றுசேர்க்கும் முறையும் உண்டு. அதற்கு ஸ்டீராய்டே தேவையில்லை.

முன்பு பலமுறை கொடுத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கண் மருத்துவர் கேட்டால், நோயாளியாக இருந்ததே இல்லை என்பதால் "இல்லை" என்று சொல்லிவிடத் தோன்றும். வெள்ளணு கொடுப்பதற்காக ஸ்டீராய்டு பெற்றதையும், ஏறத்தாழ எத்தனை முறை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, ஸ்லிட் லாம்ப் கருவியால் வில்லையின் பின்பகுதியை அவர் பார்த்துவிடுவார்.