சாவி போடாத கதவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் குமுளிக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சாவி போடாமலே திறக்கும் வண்டிக் கதவு பார்சல் ஓட்டுநருக்கு உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறதா என்பது தலைப்பு. மிச்சப்படுத்துகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், சாவியைத் திருப்ப இரண்டு விநாடி போதும், நேரமெல்லாம் விலாசம் தேடுவதிலும் ஓடிபி வாங்குவதிலும்தான் போகிறது என்றார். அந்த இரண்டு விநாடி ஒரே ஒரு கதவுக்கான கணக்கு, அண்ணே. நம்ம பக்கம் பார்சல் ஏற்றி ஓடுகிற மாருதி ஈக்கோ வேனைப் பாருங்கள். எல்லாக் கதவையும் ஒரேயடியாகப் பூட்டும் சென்டர் லாக் இல்லாத வண்டி என்றால் பக்கத்தில் இழுக்கிற கதவை உள்ளே கைவிட்டுப் பூட்ட வேண்டும். பின்கதவுக்குத் தனியாகச் சாவி போட வேண்டும். அப்புறம் ஓட்டுநர் கதவு. பார்சலைக் கொடுத்துவிட்டு வந்ததும் திறப்பதற்கு மறுபடி அதே வேலை.

வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட்டுக்குள் போனால் வண்டி ரோட்டிலேயே நின்றுவிடும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் கீழே இருக்கும். படியில் இறங்கினால் வண்டி கண்ணுக்குத் தெரியாது. பூட்டாமல் போகலாமா? மனிதர்களை விடுங்கள், தேக்கடிக் குரங்குகளுக்குத் திறந்த கதவு ஒன்று போதும், பார்சல் கிழிந்து தேயிலைச் செடிமேல் கிடக்கும். ஆனி, ஆடி மழையில் இன்னும் கஷ்டம். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் போன், சாவியோ மழைக்கோட்டுக்கு உள்ளே கால்சட்டைப் பையில். பெட்டியை ஈரத்தில் வைக்க முடியாது. என் தம்பி இந்த வேலைதான் செய்கிறான். சாவியை வாயில் கவ்விக்கொண்டு படி ஏறி வருவான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

சாவியில்லாக் கதவு என்ன செய்கிறது? கைப்பிடியைத் தொட்டதும் வண்டி குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சிக்னல் அனுப்புகிறது. அது சுமார் ஒன்றிரண்டு மீட்டர் தூரம்தான் எட்டும். சட்டைப் பைக்குள் இருக்கிற சாவிக் கருவி தன் ரகசியக் குறியீட்டைத் திருப்பி அனுப்ப, கதவு திறக்கிறது. பூட்டும்போதும் இதே கதைதான். 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் மாதிரியான சொகுசுக் கார்களில் வந்த வசதி இது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கதவு திறக்கிறவருக்குக் கொடுத்தார்கள். அறுபது தடவை திறக்கிறவருக்கு அல்லவா முதலில் கொடுத்திருக்க வேண்டும்!

கணக்கும் போடுவோம். ஒரு இடத்துக்குப் பதினைந்து விநாடி மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது இடத்துக்குத் தொள்ளாயிரம் விநாடி, அதாவது கால் மணி நேரம். அமெரிக்காவின் யூபிஎஸ் பார்சல் நிறுவனம், தேடுகிற நேரம்கூட வீணாகக் கூடாது என்று சாவியை விரலில் மாட்டியே நடக்க ஓட்டுநர்களைப் பழக்கியது. பிறகு அந்தச் சாவியையும் எடுத்துவிட்டு இடுப்பு பெல்ட்டில் பொத்தான் கருவியைக் கொடுத்தது. விநாடிக்கு விநாடி கணக்குப் பார்க்கிற நிறுவனம் அது. லாபமில்லாமலா செய்திருக்கும்?

பல ஓட்டுநர்கள் பூட்டுவதே இல்லையே, அப்புறம் என்ன மிச்சம் என்று கேட்டார் எதிரணி அக்கா. நல்ல கேள்வி. ஏன் பூட்டுவதில்லை? நேரமில்லை. இன்ஜினை ஓடவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஒரு பார்சல் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், சம்பளத்திலும் பிடிப்பார்கள். பூட்டாமல் சேர்த்த விநாடியெல்லாம் அந்த ஒரே நாளில் போய்விடும். தொட்டால் பூட்டிக்கொள்ளும் கதவு இருந்தால், பூட்டவும் செய்யலாம், நேரமும் போகாது. என் வாதத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, நடுவர் அவர்களே.

சாவிக் கருவியின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்றார்கள். அது சிறிய வட்டப் பேட்டரி, மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான கருவிகளுக்குள் அவசரத்துக்கு ஒரு இரும்புச் சாவியும் மறைந்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிற சாவிக் கருவியின் சிக்னலை வண்டிவரை நீட்டித் திருடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். உண்மைதான், வெளிநாடுகளில் அது பெரிய தலைவலி. ராத்திரி வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது கவனமாக இருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாதுகாப்புப் பிரச்சினை. இங்கே கேள்வி நேரத்தைப் பற்றியது.

விலாசம் தேடும் நேரம் பெரிது என்பதையும் மறுக்கவில்லை. எஸ்டேட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் ஓடிபிக்காக நிற்பதை நானும் பார்க்கிறேன். அதெல்லாம் ஓட்டுநர் கையில் இல்லை. கதவை இன்றைக்கே மாற்றிவிடலாம். அதுவும் வண்டி முதலாளியின் செலவில் மாற்ற வேண்டும், ஓட்டுநர் செலவில் அல்ல.

கடைசியாக ஒன்று. நேரம் மிச்சமானால் முதலாளி இன்னும் பத்து பார்சலைத் தலையில் கட்டுவார் என்று எதிரணியே வருத்தப்பட்டது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அப்படிக் கட்டினால் அதைத் தட்டிக் கேட்க நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் மிச்சமே ஆகாத நேரத்தில் பத்து பார்சலை எங்கே ஏற்றுவார், நடுவர் அவர்களே? எதிரணி வாயாலேயே வந்துவிட்டது. தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.