கார்பேஜ் கலெக்டர் இருந்தும் மெமரி ஏன் நிரம்புகிறது? பதில் ஒரு செட்டிநாட்டு வீட்டில்!

[காட்சி: வளவு. பூட்டிய அறைக் கதவு.]

இந்தக் கதவைப் பாருங்கள். உள்ளே ஆள் இல்லை, வருஷக்கணக்காக யாரும் திறக்கவும் இல்லை. ஆனாலும் இந்த அறையை ஒழித்துப்போட வீட்டில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. உங்கள் சி ஷார்ப் புரோகிராம் மெமரியைத் தின்பதற்கும் இதே காரணம்தான்!

வணக்கம் மக்களே, காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். முன்கதை சட்டென்று: சி ஷார்ப் புரோகிராம் ஓடுவது டாட்நெட் என்ற தளத்தில். அதில் ஓடுவது மேனேஜ்டு கோடு. மெமரியை ஒதுக்குவது, திரும்ப எடுப்பது எல்லாம் ரன்டைமின், அதாவது புரோகிராமை ஓட்டும் பகுதியின் வேலை. அதில் வேண்டாததைப் பெருக்கி மெமரியை மீட்பதுதான் கார்பேஜ் கலெக்டர். கார்பேஜ் கலெக்ஷன் என்பது லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1959 வாக்கில் கண்டுபிடித்தது. போதும், வீட்டுக்குள் வாருங்கள்.

[காட்சி: முகப்பிலிருந்து உள்ளே நடந்தபடி.]

முன்னால் முகப்பு, அடுத்து உள்முற்றமான வளவு, அதற்கும் உள்ளே இரண்டாம் கட்டு. கலெக்டரிடமும் மூன்று கட்டு உண்டு: ஜெனரேஷன் 0, 1, 2. புது ஆப்ஜெக்ட், அதாவது புரோகிராம் மெமரியில் உருவாக்கும் பொருள், முகப்பில் உட்காரும். வந்தவர் பெரும்பாலும் அங்கேயே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார் இல்லையா? அதனால் முகப்பை அடிக்கடி பெருக்குவார்கள், வேலையும் சட்டென்று முடியும். அப்படிப் பெருக்கும்போது தப்பியது வளவுக்குப் போகும், அங்கேயும் தப்பினால் இரண்டாம் கட்டு. அதைப் பெருக்குவது பெரிய வேலை, அபூர்வமாகத்தான் நடக்கும். கல்யாண அண்டாவை யாராவது முகப்பில் வைப்பார்களா? நேராக உள்ளேதான். 85,000 பைட்டும் அதற்கு மேலும் உள்ள ஆப்ஜெக்டுக்கும் அப்படியே தனி இடம். இரண்டாம் கட்டைப் பெருக்கும்போதுதான் அதையும் பார்ப்பார்கள். எனக்கு இந்த ஒப்புமை அவ்வளவு பிடிக்கும்!

இப்போது அந்தப் பூட்டிய அறை. வளவைச் சுற்றி உள்ள அறைகள் புள்ளிக்கு ஒன்று; புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதியின் குடும்பம். எங்கள் வீட்டில் ஒரு புள்ளி சிங்கப்பூரில், சாவியும் அங்கேதான். அப்பத்தா சொல்வார்: "சாவி அவுக கையில இருக்குற வரைக்கும் அது அவுக வீடுதான், ராசா." கலெக்டரின் சட்டமும் இதுவே. 'இது பயன்படுகிறதா' என்று அது பார்ப்பதே இல்லை. 'யார் கையிலாவது சாவி இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கும். சாவி என்றால் ரெஃபரன்ஸ்: ஓடும் புரோகிராமிலிருந்து அந்த ஆப்ஜெக்டை எட்டும் வழி.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பில்லிங் புரோகிராம் ஒன்று மாலைக்குள் திணறிப்போகும். மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு பில் விண்டோவும் திறக்கும்போது ஒரு ஸ்டாட்டிக் ஈவென்ட்டில், அதாவது புரோகிராம் முடியும்வரை போகாத ஓர் அறிவிப்புப் பட்டியலில், பிளஸ் ஈக்வல் போட்டுத் தன்னைப் பதிந்துகொண்டிருந்தது. மூடும்போது மைனஸ் ஈக்வல் போட்டுப் பதிவை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. விண்டோ மூடியாயிற்று, சாவி மட்டும் ஈவென்ட்டின் கையில். அன்றைக்குத் திறந்த பில் விண்டோ அத்தனையும் இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்தது.

சாவி யாரிடம் என்று கண்டுபிடிப்பது எப்படி? டாட்நெட்-கவுன்டர்ஸ் என்ற கருவியைப் போட்டு ஜெனரேஷன் 2 அளவைப் பாருங்கள், இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். அப்புறம் டாட்நெட்-டம்ப், அது மெமரியை அப்படியே ஒரு ஃபைலில் எடுத்துவைக்கும். அதில் டம்ப்ஹீப் ஸ்டாட் என்ற கட்டளை எந்த வகை எத்தனை குவிந்திருக்கிறது என்று காட்டும். ஒன்றின் முகவரியை எடுத்து ஜிசிரூட் கட்டளைக்குக் கொடுத்தால் சாவிக்காரர் வரை வரிசையாக வந்துவிடும். அந்த வரிசையை முதல் தடவை பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்! ஒரு எச்சரிக்கை: டம்ப் எடுக்கும் நேரம் புரோகிராம் நின்றுவிடும், ஃபைலில் பாஸ்வேர்டு கூட இருக்கலாம். கண்ட இடத்தில் அனுப்பாதீர்கள். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் என்றால் பெர்ஃப்வியூ இருக்கிறது, இலவசம்.

இன்னொன்று: ஃபைல், டேட்டாபேஸ் கனெக்ஷனுக்கு யூசிங் போடுங்கள், வேலை முடிந்ததும் அதை மூடும் டிஸ்போஸ் தானாக ஓடும். டிஸ்போஸை கலெக்டர் உங்களுக்காகக் கூப்பிடாது.

சரி, உங்கள் புராஜெக்டில் இன்றைக்கே ஒரு ஜிசிரூட் ஓட்டுங்கள். சாவி யார் கையில் இருந்தது என்று கமென்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிக்கிறேன்.