ஓர் உரலில் இரண்டு உலக்கை

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சி மன்றப் பெருமக்களே, லீவு நாளென்றும் பாராமல் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, நாற்காலிக்கும் மைக்குக்குமாக மூன்று நாள் அலைந்த வாசகர் வட்டத் தம்பிகளே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

இரண்டு செய்தி சொல்ல வந்தேன்: உலோகம் இல்லாமலே வேதிவினையை வேகப்படுத்தும் சின்னக் கார்பன் சேர்மமான கரிம வினையூக்கி எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி வடிவமைக்கிறார்கள்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது. புரோலின் என்ற சின்ன அமினோ அமிலத்துக்கும் இரண்டு கை. அமீன் என்கிற கை அசிட்டோனைப் பிடித்து, எளிதில் வினைபுரியும் எனமின் என்ற இடைப்பொருளாக்குகிறது. அமிலம் என்கிற கை அதனோடு சேர வேண்டிய ஆல்டிஹைடை இழுத்துச் சரியான முகமாகத் திருப்பி நிறுத்துகிறது. அதனால் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவில் வரக்கூடிய பொருளில் ஒரு வடிவமே பெரும்பாலும் விளைகிறது. வேதியியலாளர் பெஞ்சமின் லிஸ்ட் குழுவினர் இதைக் காட்டியது 2000-ல். கரிம வினையூக்கத்துக்காக அவருக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும் 2021-ல் வேதியியல் நோபல் பரிசு.

எங்கள் ஆச்சியும் சித்தியும் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்துவார்கள். ஆச்சி உலக்கை இறங்கும்போது சித்தி உலக்கை மேலே நிற்கும். ஒருநாள் ஆச்சியிடமிருந்து உலக்கையைப் பிடுங்கி நானும் குத்தினேன். இரண்டே குத்து! உலக்கையோடு உலக்கை மோதி, சித்திக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. "ஏலே, அவ கை ஏறுறப்போ உன் கை எறங்கணும்லே" என்றாள் ஆச்சி. முற்றமெல்லாம் நெல்.

வடிவமைப்பின் சிக்கலும் அதுதான். வலுவான அமிலமும் காரமும் ஒரே மூலக்கூறில் இருந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். ஜப்பானிய வேதியியலாளர் டகேமோட்டோ 2003-ல் காரமான அமீனுக்குத் துணையாக, மென்மையான அமிலத்தன்மை உள்ள தயோயூரியாவை வைத்தார். தயோயூரியா ஒரு வினைபடுபொருளின் நைட்ரோ தொகுதியை ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்க, அமீன் மற்ற வினைபடுபொருளிலிருந்து புரோட்டானை எடுக்கிறது. இரண்டும் மோதுவதில்லை.

பிள்ளைகளே, இதை நான் புத்தகத்தில் மட்டும்தான் படித்தேன். நான் படித்த பள்ளியில் ஆய்வகம் இருந்தது, பூட்டியே இருந்தது. பிப்பெட்டைக் கையில் பிடித்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். பாடம் ஒரு கை, ஆய்வகம் மறு கை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று பத்து வருஷமாக ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். மேடையில் இருக்கும் பெரியவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பள்ளி ஆய்வகங்களை சனிக்கிழமை காலையாவது திறந்து வையுங்கள். மேற்பார்வைக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். கண்ணாடிக் குடுவை உடைந்தால் அந்தச் செலவும் என்னுடையது. வருகிற சனிக்கிழமையே ஆரம்பிக்கலாம், சாவியை மட்டும் கொடுங்கள்.