ஒரே தேதி, மூன்று ஆண்டுகள்: தொலைக்காட்சியின் ஆகஸ்ட் 15

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தொலைக்காட்சியின் கதையை வானொலியில் சொல்வது முறையா என்று சிலர் நினைக்கலாம். முறைதான். இந்தியத் தொலைக்காட்சி பிறந்ததும் வளர்ந்ததும் அகில இந்திய வானொலியின் வீட்டில்தான். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்புத் தொடங்கியபோது அது வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1976 ஏப்ரல் 1 அன்றுதான் தூர்தர்ஷன் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனது. ஆகவே, தாய்வீட்டுக் கூடத்தில் அமர்ந்து மகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று கொள்ளுங்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தேதி. ஆகஸ்ட் 15. விடுதலை நாள் என்று நாம் அனைவரும் அறிந்த அந்தத் தேதி, நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கும் மூன்று முறை பெருநாளாக அமைந்தது: 1965, 1975, 1982. அரசு விழா நாளில் ஒன்றைத் தொடங்கி வைப்பது வழக்கந்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தொடங்கி வைத்த தேதியைவிட, அது யாருடைய வீட்டுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதே முக்கியம் என்று நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். இந்த மூன்று நாட்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

முதலில் 1965. அதுவரை டெல்லியில் வாரத்திற்குச் சில மணி நேரமே ஒளிபரப்பு இருந்தது; அதையும் வீட்டில் அமர்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. யுனெஸ்கோ உதவியோடு கிடைத்த பெட்டிகளைச் சமூக மன்றங்களில் வைத்து, மக்களைக் கூட்டிக் காட்டினார்கள். 1965 ஆகஸ்ட் 15 முதல் ஒளிபரப்பு அன்றாட சேவையாக மாறியது. ஐந்து நிமிடச் செய்தி அறிக்கையும் தொடங்கியது. செய்தி வாசித்தவர் பிரதிமா புரி. அதுவரை செய்தி என்றால் குரல் மட்டுந்தான். அந்தக் குரலுக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது. ஆனால் அந்த முகத்தை டெல்லியும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே கண்டன. நாம் காணவில்லை.

நாம் காண்பதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் ஆயின. 1975 ஆகஸ்ட் 15, ஒரு வெள்ளிக்கிழமை. 1947-இல் விடுதலை கிடைத்த அந்த நாளும் வெள்ளிக்கிழமைதான். அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்பு கல்கத்தா நிலையம் தொடங்கியிருந்தது. அதே மாதம் முதல் தேதியன்று, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டும் பெருஞ்சோதனையும் தொடங்கியிருந்தது. அந்த ஆறு மாநிலங்களில் ஆந்திரமும் கர்நாடகமும் இருந்தன, தமிழ்நாடு இல்லை. நமக்கு வாய்த்தது சென்னை நிலையம் ஒன்றே.

அப்போது தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்போர், வானொலிப் பெட்டிக்குப் போலவே, ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். நேயர்களில் மூத்தவர்களுக்கு அந்தச் சிறிய உரிமப் புத்தகம் நினைவிருக்கும். என் தந்தையார் அஞ்சலக எழுத்தர். சென்னை நிலையம் தொடங்கிய ஆண்டில், தொலைக்காட்சிக்காக அவருடைய சாளரத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் பெட்டி வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே கூடியிருக்கும் என்பதும் தெரியும். அவருக்கோ சொந்தமாக ஒரு கருப்பு வெள்ளைப் பெட்டி வாங்க ஏழு ஆண்டுகள் ஆயின.

அந்த ஏழாவது ஆண்டுதான் 1982. ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் உள்ள நிலையங்கள் டெல்லியின் நிகழ்ச்சியைச் செயற்கைக்கோள் வழியாகப் பெற்று ஒரே வேளையில் காட்டும் தேசிய ஒளிபரப்பு அன்று தொடங்கியது. செங்கோட்டையில் பிரதமர் இந்திரா காந்தி ஆற்றிய விடுதலை நாள் உரை வண்ணத்தில் ஒளிபரப்பானது. எங்கள் வீட்டுப் பெட்டியோ கருப்பு வெள்ளை.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். வண்ணத்தில் அனுப்பிய படம் பழைய பெட்டியில் எப்படித் தெரிந்தது என்று இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. நம் நாடு ஏற்ற முறையில், படத்தின் ஒளி அளவும் நிறமும் ஒரே அலையில் வந்தாலும் தனித்தனியே பிரித்தெடுக்கத் தக்கவையாக இருந்தன. பழைய பெட்டி ஒளி அளவை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். அதாவது, நிறம் எங்கள் வீட்டுக்கூரை வரை வந்தது, கூடத்துக்குள் வரவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க அன்றைய கடைத்தெருக்களில் ஒரு பொருள் விற்றது. மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று சாயமேற்றிய கண்ணாடித்தாள். அதைத் திரையின் முன் பொருத்தினால் வானம் நீலமாகவும், முகங்கள் மனித நிறத்திலும், புல்தரை பச்சையாகவும் தெரியும் என்பது கணக்கு. எங்கள் வீட்டுத் திரையிலும் அது இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கம்பக்கத்தாரும் நாங்களுமாகப் பதினைந்து பேர் கூடத்தில் அமர்ந்திருக்க, செங்கோட்டையில் கொடி ஏறியது. திரை நிறைய அந்தக் கொடியை அண்மையில் காட்டினார்கள். காவி இருக்க வேண்டிய இடத்தில் நீலம். வெண்மை இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு. பச்சை மட்டும் தன் இடத்தில் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. என் தந்தையார் எழுந்து போய், நான்கு மூலைகளிலும் ஒட்டியிருந்த அந்தத் தாளை மெதுவாகப் பிரித்து எடுத்து, சுருட்டி, அலமாரியின் மேல் வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். சாம்பல் நிறத்தில் மூன்று பட்டைகளாகக் கொடி அசைந்தது. “இப்போது சரியாக இருக்கிறது” என்றார். அந்தத் தாள் அதன் பிறகு திரைக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வண்ணப் பெட்டி வந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. ஆதலால், இந்தியாவுக்கு வண்ணம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், எந்த வீட்டுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்தத் தேசிய ஒளிபரப்புக்குத் துணைநின்ற இன்சாட் 1ஏ செயற்கைக்கோளின் கதையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்குவதாக ஒலிப்பதிவு அறையிலிருந்து கை காட்டுகிறார்கள். ஏப்ரலில் ஏவப்பட்ட அது, ஆகஸ்ட் 15 கழிந்து மூன்று வாரங்களில், செப்டம்பர் 6 அன்று செயலிழந்தது. ஆயினும் ஒளிபரப்பு நிற்கவில்லை. நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை நாடே பார்த்தது.

தென்மாவட்ட நேயர்கள் பொறுத்தருள வேண்டும். சென்னை நிகழ்ச்சிகள் உங்கள் ஊர்களுக்குப் பரவலாக வந்தது, கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பி நிறுவிய பிறகுதான். அதற்கு முன்பு கடலோர ஊர்களில் பலர் உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டி, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். அந்த ரூபவாஹினி தொடங்கியதும் அதே 1982-இல், பிப்ரவரி 15 அன்று. உங்கள் ஊரின் முதல் ஒளிபரப்பு நாள் எது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிகள் அரசுப் பதிவேட்டில் இருக்காது.

வணக்கம்.