நாற்பது வயதான காரை யார் பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் 2018 மே 20 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த காரில் கடைசி முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்றால், அது ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்கு, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனைக்கு, போக வேண்டாம். சாலை வரியும் பூஜ்யம். பூஜ்யம் என்றாலும் ஆண்டுதோறும் வரி பதிந்தே ஆக வேண்டும். அப்படிப் பதியும்போது, எம்.ஓ.டி. விலக்கு தன் வண்டிக்குப் பொருந்தும் என்று உரிமையாளர் உறுதிமொழியும் தர வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இதை வரவேற்றார்கள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. 1960-இல் எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது தொடங்கிய சோதனை இது. அப்போது பத்து வயதான கார்களுக்கு மட்டும்தான். 1967-இல் அதை மூன்று வயதுக்கு இறக்கினார்கள். மூன்று வயதுக் காரை ஆண்டுதோறும் தூக்கிப் பார்க்கும் நாடு, ஐம்பது வயதுக் காரை அதன் சொந்தக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டது. விலக்கு உண்டு என்பதால் ஆபத்தான வண்டியை ஓட்டலாம் என்று பொருளில்லை. அது குற்றம், 2,500 பவுண்டு வரை அபராதம் வரும், உரிமத்தில் தண்டனைப் புள்ளியும் ஏறும். சோதனைக்கு அதிகபட்சக் கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ். விலக்கு இருந்தாலும் அந்தப் பணத்தைக் கொடுத்து வண்டியைக் காட்டிவிடுங்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போங்கள். பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் குளிர்காலத்து உப்பு செய்துவைத்த வேலை அப்போதுதான் கண்ணில் படும்.

ஆனால் எம்.ஓ.டி. பார்ப்பவர் எதையும் கழற்றக் கூடாது. கண்ணால் பார்க்கலாம், கையால் ஆட்டலாம், சின்னக் கருவியால் தட்டலாம். அவ்வளவுதான். அவர் கண்ணில் படாத இடம் ஒன்றை இன்று விரிவாகச் சொல்கிறேன்.

ட்ரையம்ப் ஹெரால்டு என்ற கார் 1959 முதல் 1971 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரானது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. நம்மவர்களுக்கு இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இலிருந்து சென்னையில் செய்தார்கள். பிரிட்டனில் கடைசிவரை வராத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில்தான் வந்தது. இந்தக் காரின் பெருமை அதன் திருப்பம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸியைப் போல. சிக்கலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுற்றும். இதற்கு ஊற்ற வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. வெளிவிளிம்பில் கட்டியாகி நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகுந்து எஃகு மரையின் பள்ளத்தில் துரு குழி பறிக்கும், குழியிலிருந்து விரிசல் ஓடும். ஒருநாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது, தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஒடியாமல் மெதுவாகப் போகையில் ஒடிவதே ஓர் அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும்.

வேலை எளிது. சக்கரம் தரையைத் தொடாதபடி ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்குங்கள். ட்ரனியனில் சின்ன அடைப்புத் திருகு இருக்கும். அதைக் கழற்றி, ஆயில் ஏற்றும் முனையான நிப்பிளைப் பூட்டுங்கள். கிரீஸ் கன் ஒன்றை இந்த ஆயிலுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பியபடி, மேல் சீலின் ஓரம் ஆயில் கசியும்வரை அழுத்துங்கள். முதலில் பழுப்புத் தண்ணீர் வந்தால் ஆயில் ஏற்றியது மட்டும் போதாது. கழற்றித் துடைத்து மரையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். புதிய ட்ரனியன் வாங்கினால் இடம் வலம் பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர்.

மாரிஸ் மைனரிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வந்த கார் அது. ஆனால் அதற்குக் கிரீஸ்தான். இரண்டு காரையும் வைத்திருப்பவர் இதை ஒரு சீட்டில் எழுதி கராஜ் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

அடுத்தது உப்பு. இந்த நாட்டில் பழைய காரைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, உப்பும் ஈரமும்தான். சாலை உறையும் என்ற முன்னறிவிப்பு வந்தாலே உப்பு வண்டிகள் கிளம்பிவிடும். அதில் பெரும்பகுதி செஷயரின் வின்ஸ்ஃபோர்டில் பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுப்பது. எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கார்களில் கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் சில் என்ற பெட்டிச்சட்டம்தான் உடலைத் தாங்குகிறது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். திறந்த கூரை எம்.ஜி.பி. வாங்கப் போனால் முதலில் கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் உடல் தொய்ந்துவிட்டது. ஒரு காந்தத்தையும் எடுத்துப் போங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

குளிர்காலத்திலும் ஓட்டும் காரானால், உறைபனி நீங்கிய நாளில் சக்கர வளைவுகளையும் அடிப்பகுதியையும் வெறும் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவுங்கள். கழுவாத காரை வெதுவெதுப்பான கராஜில் நிறுத்தாதீர்கள். வெப்பத்தில் துரு இன்னும் வேகமாகப் பரவும். சில் பெட்டிச்சட்டத்துக்குள் மெழுகு பீய்ச்சுவது கோடைகால வேலை. உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள். அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். மெழுகு அடைத்துக்கொண்டால் காசு கொடுத்துத் தண்ணீரைச் சேர்த்துவைத்தது போலாகும்.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 ஜனவரியோடு ஈயப் பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. கெட்டியான வால்வு சீட்டிங் போடாத இன்ஜினுக்கு அன்றிலிருந்து பெட்ரோலில் கலக்கும் சேர்க்கை திரவம் தேவை. 2021 செப்டம்பரில் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் இ10 ஆனது, அதாவது பத்து விழுக்காடு வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது அரிக்கும். டாங்கில் ஈரத்தை இழுக்கும். பழைய காருக்கு 97 ஆக்டேனும் அதற்கு மேலும் உள்ள சூப்பர் ரகம்தான் சரி. பம்பில் இ5 என்ற வட்டச் சீட்டைப் பாருங்கள். ஹோஸை மாற்றும்போது ஆர்9 என்று அச்சிட்டதை வாங்குங்கள். இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பானட்டுக்குள் பெட்ரோல் சொட்டுவதும் சூடான சைலன்சர் குழாயும் பக்கத்துப் பக்கத்தில்.

எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் உள்ள காரில் வேகம் கூட்டும்போது திக்கினால், ட்யூனிங் என்று எதையும் திருகும் முன் அதன் தலைமூடியைக் கழற்றி, டாஷ்பாட் என்ற மேல் உருளையில் ஆயில் இருக்கிறதா பாருங்கள். 20 கிரேடு ஆயில் ஊற்றி மூடியோடு வரும் டாம்பர் தண்டை மெதுவாக இறக்குங்கள். மரை பிடிக்கக் கால் அங்குலம் இருக்கும்போது தடை தெரிந்தால் அளவு சரி. கார்புரேட்டர் கோளாறு என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுவே.

குளிர்காலம் முழுக்க நிறுத்திவைப்பவர்கள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும். டாட் 4 வகை என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், சிலிக்கோன் டாட் 5-உடன் கலக்காதீர்கள்.

பிறகு சாலைக்கு வருவோம். 1961-க்கு முந்திய மாரிஸ் மைனரில் திரும்புவதைக் காட்ட மின்னும் விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று எழும். பின்னால் வரும் இளைஞருக்கு அது என்னவென்றே தெரியாது. கண்ணாடியை இறக்கிக் கையாலும் காட்டுங்கள். டிரம் பிரேக் கொண்ட கார் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். நீங்கள் இடைவெளி விட்டால் புதிய கார் ஒன்று உள்ளே நுழையும். மறுபடியும் இடைவெளி விடுங்கள், கோபத்துக்கு வேலையில்லை. ஒற்றைப் பாதைக் கிராமச் சாலையில் ஒதுங்கிடம் இடப்பக்கம் இருந்தால் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே இடப்புறத்திலேயே நின்று எதிரே வருபவரை அதில் விடுங்கள். வழி விட்டவருக்கு ஒரு கை உயர்த்தல் போதும். ஹெட்லைட்டைச் சிமிட்டினால் 'வா' என்று எடுத்துக்கொள்வது இங்கே எல்லாரும் செய்வது; ஆனால் சாலை விதி நூலின்படி அதன் பொருள் 'நான் இருக்கிறேன்' என்பது மட்டும்தான். ரவுண்டானாவில் இதை நம்பி நுழைந்து இடி வாங்கினால் இன்ஷூரன்ஸ்காரர் விதி நூலைத்தான் எடுப்பார்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு நிறுவனம் சொல்லும் சந்தை விலைதான் கிடைக்கும். ஒப்புக்கொண்ட மதிப்புக்கு நாலு பக்கத்துப் படங்களும், அடிப்பகுதிப் படமும், வேலை செய்த ரசீதுகளும் கேட்பார்கள். அந்தக் கோப்பில் தானாக முன்வந்து எடுத்த எம்.ஓ.டி. சான்றிதழ் ஒன்று இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வணக்கம்.