எண்ணுவதற்கு முன் ஐந்தொகையைப் படியுங்கள்

(கணக்கியல் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த ஆய்வு மாணவர்களே, நாளை வகுப்பெடுக்கப் போகிறவர்களே!

நிறுவன ஆளுகை, அதாவது ஒரு நிறுவனம் எப்படி நடத்தப்படுகிறது, யார் கண்காணிக்கிறார்கள் என்பது பற்றி ஆராய வருகிறவர்கள் முதலில் தலைகளை எண்ணுகிறார்கள். நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்கள் எத்தனை பேர், தணிக்கைக் குழு எத்தனை முறை கூடியது. எல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண். அந்த அளவுகோலைச் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு வைத்துப் பாருங்கள். இயக்குநர் குழுவில் பாதிக்கு மேல் சுயேச்சை இயக்குநர்கள். அவர்களில் பேராசிரியர்களும் உண்டு. 2008இல் ஆளுகைக்கான விருதும் கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கு பொய் என்று தலைவரே கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தை வகுப்பில் வரிவரியாக நடத்துங்கள். 2008 செப்டம்பர் காலாண்டின் செயல்பாட்டு லாபம் 61 கோடி ரூபாய்; காட்டியது 649 கோடி. ஒவ்வொரு தொகையும் இரண்டு கணக்குகளில் ஏற வேண்டிய இரட்டைப் பதிவில், இல்லாத லாபத்தை ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் அறிக்கையில்) எங்கே வைப்பது? முதலில் கடனாளிகள் கணக்கில், அதாவது வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கியாக, ஏறும். அங்கே வளர்ந்துகொண்டே போனால் கேள்வி வரும். ஆகவே வசூலானதாக எழுதி வங்கி இருப்புக்கு மாற்ற வேண்டும். 5,361 கோடி இருப்பில் 5,040 கோடி இல்லாமல் போன விதம் இதுதான். இல்லாத வைப்புக்கு வட்டியும் வேண்டுமே! வரவேண்டிய வட்டி என்று 376 கோடி காட்டினார்கள். வட்டி விகிதத்தை மட்டும் சரிபார்த்தால் பிடிபடாது. தணிக்கையாளர் வங்கிக்கு நேரே எழுதி, பதிலை நேரே பெற வேண்டும். வங்கியின் பதில் நிறுவன ஊழியர் கைவழியாக வந்தால் அந்தச் சான்றை நம்ப முடியாது.

ஆய்வுக்கு வருவோம். புரமோட்டர்கள் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள்) பங்குகளை அடகு வைத்த விவரத்தை வெளியிடுவதை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2009இல்தான் கட்டாயமாக்கியது. உங்கள் தரவு அட்டவணையில் அதற்கு முந்தைய ஆண்டுகளின் வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டால் முடிவே திரும்பிவிடும். வெற்று என்றால் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. நன்றாக நடக்கும் நிறுவனம் நல்ல இயக்குநர்களைத் தேடிக்கொள்ளும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். சட்டம் மாறிய தேதி இங்கே உதவும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு, ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரலில் வந்தது. ஏற்கெனவே பெண் இயக்குநர் இருந்த நிறுவனங்களையும், விதிக்காக நியமித்தவற்றையும் ஒப்பிடலாம். ஆனால் நியமிக்கப்பட்டவர் புரமோட்டர் குடும்பத்தவரா என்பதை ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் கண்ணால் பாருங்கள். தரவுத்தளத்தை மட்டும் நம்பாதீர்கள். சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்ற விதி சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், முதல் 1,000க்கு 2020 ஏப்ரலிலும்தான் வந்தது. அவற்றுக்கு அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை போடுங்கள்.